ஜாக்கி வாங்கப் போறீங்களா? கையில ஒரு ஸ்கேல் இருக்கட்டும்

கார் வச்சிருக்கற மக்களே, உங்க வண்டியோட வந்த ஜாக்கியைக் கடைசியா எப்போ கையில எடுத்தீங்க? பாதிப் பேருக்கு அது வண்டியில எங்க ஒளிஞ்சிருக்குன்னே தெரியாதுன்னு பந்தயம் கட்டத் தயார். தப்பில்லை. கம்பெனிக்காரன் கொடுக்கற அந்தக் கத்தரி ஜாக்கி, நடுவழியில பங்ச்சர் ஆனா ஸ்டெப்னி மாட்டி வீடு வந்து சேர்றதுக்கு. அதோட அதன் கடமை முடிஞ்சது. ஞாயித்துக்கிழமை காலையில லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு டயர் மாத்திப் போடறது, பிரேக் பேடு எவ்ளோ தேய்ஞ்சிருக்குன்னு பார்க்கறது, மட்கார்டு உள்ள அப்பியிருக்கற சேறைக் கழுவறது... இதுக்கெல்லாம் அந்தக் கம்பியைச் சுத்திக்கிட்டிருந்தா நம்ம தோள்பட்டைதான் கழண்டு வரும்.

அதுக்குத்தான் டிராலி ஜாக்கி. அடியில நாலு சக்கரம், பின்னாடி நீளமா கைப்பிடி. பத்துப் பதினஞ்சு அமுக்கு அமுக்கினா வண்டி மேல. மெக்கானிக் ஷெட்டுல எல்லாரும் பார்த்திருப்போம். இதுல ஒண்ணு வீட்டுக்கு வாங்கறதுக்கு ரெண்டு மாசம் எடுத்துக்கிட்டேன். "ஒரு ஜாக்கிக்கு இவ்ளோ ஆராய்ச்சியா? என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ பஜ்ஜி ஆறறதுக்குள்ள முடிவு பண்ணிட்டீங்களே"ன்னு தங்கமணி கேட்டாங்க. பதில் சொல்லலை. சில கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கறதுதான் இருபது வருஷ அனுபவம் :-)

நிற்க. ஆராய்ச்சிக்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை. பெரியப்பா.

சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டினவர். லாரிக்கு அடியில படுக்கறதுக்கு முன்னாடி ஸ்டெப்னியை உருட்டிட்டு வந்து சேஸிஸுக்குக் கீழ தள்ளிட்டுத்தான் படுப்பார். ரெண்டு நிமிஷ வேலையா இருந்தாலும் சரி. சின்னப் பையனா இருந்தப்போ ஏன்னு கேட்டேன். "ஜாக்கி தூக்கறதுக்குத்தான் கண்ணு, தாங்கறதுக்கில்ல"ன்னார். அவரோட வண்டியில கிளீனரா இருந்த பையன், சித்திரை வெயில்ல இளகின தார் ரோட்டு மேல பாட்டில் ஜாக்கியை நிறுத்திட்டு அடியில போயிருக்கான். ஜாக்கி உடையல, எண்ணெய் ஒழுகல. தார் ஒரு பக்கமா அமுங்கி ஜாக்கி சாய்ஞ்சது, அவ்ளோதான். உயிர் தப்பிச்சுது. கால் போனது போனதுதான். அப்புறம் ரொம்ப வருஷம் அந்த ஊர் பஸ் ஸ்டாப்புல டீக்கடை வச்சிருந்தார், ஊன்றுகோலோட. டீ குடிக்கப் போகும்போதெல்லாம் பெரியப்பா என்னையும் கூட்டிட்டுப் போவார். எதுவும் சொல்ல மாட்டார். நானும் கேட்டதில்லை.

இப்போ என் பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. நான் ஸ்பேனரை எடுத்தாலே பக்கத்துல வந்து உட்கார்ந்துடுவா, "நானும் அடியில பார்க்கறேன்"னு. சொல்லுங்க, ரெண்டு மாசம் அதிகமா?

ஜி.பி. ரோட்டுல நாலஞ்சு கடை ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலயும் முதல் கேள்வி ஒண்ணுதான்: "எத்தனை டன் சார்?" யாருமே உயரத்தைப் பத்திக் கேட்கலை. எனக்கென்னமோ நம்ம ஊர் காருக்கு டன் கடைசிக் கேள்வின்னுதான் தோணுது. கணக்குப் போட்டுப் பாருங்க. என் ஸ்விஃப்ட்டோட மொத்த எடையே 900 கிலோ சொச்சம். என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னாடி இருக்கறதால முன்பக்கம் சுமார் அறுபது சதவீதம், அதாவது 550 கிலோ கிட்ட. முழு வண்டியையும் ஒரே ஜாக்கியில யாரும் தூக்கப் போறதில்லை. ஒரு மூலை, இல்லேன்னா ஒரு பக்கம். கடையில இருக்கறதுலயே சின்ன ஜாக்கி 2 டன். தாராளம்.

உயரம்தான் விவகாரம். சின்ன 2 டன் ஜாக்கி பெரும்பாலும் 135 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு 330 கிட்ட நின்னுடும். 33 செ.மீ. போதாதான்னு தோணும். இங்கதான் ஸ்பிரிங் நம்மளை ஏமாத்தும். நீங்க பாடியைத் தூக்க ஆரம்பிச்சதும் சக்கரம் கூடவே எழும்பாது. வண்டி எடையில அமுங்கியிருந்த ஸ்பிரிங் முதல்ல விரியும், சக்கரம் தரையிலயே நிக்கும், பாடி மட்டும் மேல போகும். அது முழுசா விரிஞ்ச பிறகுதான் டயர் தரையை விடும்.

உங்க வண்டிக்கு எவ்ளோ வேணும்னு கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கு. வண்டியோட வந்த அதே கத்தரி ஜாக்கியை எடுங்க (பாருங்க, அதுக்கும் ஒரு வேலை வந்துடுச்சு). சமதரையில, முறைப்படி, டயர் தரையை விடற வரைக்கும் தூக்குங்க. ஜாக்கி தொடற இடம் தரையிலேர்ந்து எவ்ளோன்னு பக்கத்துல உட்கார்ந்தபடியே ஸ்கேல் வச்சு அளந்துட்டு இறக்கிடுங்க. என் வண்டியில சும்மா நிக்கும்போது 20 செ.மீ., டயர் எழும்பும்போது 30. அடியில வைக்கற ஸ்டாண்டை 33ல நிறுத்தணும்னா அதை உள்ள தள்ள 35 ஆச்சும் தூக்கணும். அப்போ 33ல நின்னுபோற ஜாக்கி டயர் கழட்ட உதவும், ஸ்டாண்ட் வைக்க உதவாது. அந்த ரெண்டு செ.மீ.லதான் விஷயமே இருக்கு.

ஜாக்கிக்கு அடியில மரக்கட்டை வச்சு ஏத்திக்கலாமேன்னு ஒரு கடைக்காரர் யோசனை சொன்னார். டிராலி ஜாக்கிக்குச் சக்கரம் வச்சிருக்கறது நம்ம இழுத்துட்டுப் போற வசதிக்கு மட்டும் இல்லைங்க. அதோட கை நேரா மேல போகாது, வட்டமா வளைஞ்சு ஏறும். ஏற ஏற தலை பின்னாடி நகரும். அந்த நகர்வுக்கு ஈடா ஜாக்கி தானே கொஞ்சம் உருண்டு உள்ள போகணும். கட்டை மேல நிறுத்தினா எங்க உருளும்? மண் தரையில சக்கரம் புதைஞ்சாலும், பேவர் பிளாக் இடுக்குல மாட்டினாலும் இதே கதிதான். ஜாக்கி உருளலேன்னா அதோட தலை காரோட அடியில வழுக்கும். மண் தரை வீட்டுக்காரங்க அகலமா கெட்டியான பிளைவுட் ஒண்ணு விரிச்சு, ஜாக்கி முழுசும் அது மேல உருள இடம் விட்டு வச்சுக்குங்க.

எங்க வீட்டுல வேற பிரச்சினை. 2015 வெள்ளத்துக்கப்புறம் போர்ட்டிகோவை ரெண்டடி உயர்த்தினோம். உள்ள சமதரை, வாசல்ல செங்குத்தா சரிவு. நல்ல வேளையா முழு வண்டியும் சமதரையில நிக்கும். நிக்கலேன்னா இந்த வேலையையே தொட்டிருக்க மாட்டேன். சரிவுல காரைத் தூக்கறது வேண்டவே வேண்டாம். அப்புறம் முட்டுக்கட்டை. அரசியல்வாதிங்க ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கறது இல்லை, நிஜ முட்டுக்கட்டை. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினா, பிடிச்சுக்கிட்டிருந்த சக்கரமே அந்தரத்துல! அதனால கியர்ல போட்டு, தரையில இருக்கற முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை.

அடுத்து நீளம். படத்துல பார்த்து வாங்கறவங்க இதைக் கவனிக்க மாட்டாங்க. ஓரத்துல, பக்கவாட்டுல இருக்கற தூக்குமிடத்துல ஜாக்கியை வச்சுட்டா ஸ்டாண்டை எங்க வைக்கறது? ரெண்டுக்கும் ஒரே இடம் வேணும். அதுக்குத்தான் கையேட்டுல கராஜ் ஜாக் வைக்கற இடம்னு தனியா படம் போட்டிருக்கான். முன்பக்கம், பின்பக்கம் உள்ள தள்ளி. அங்க தூக்கி, ஓரத்துல ஸ்டாண்ட் வைக்கணும். (வண்டிக்கு வண்டி இது மாறும். உங்க கையேட்டைப் பாருங்க, கண்ட இடத்துல வச்சு ஆயில் சம்ப்பை நசுக்கிடாதீங்க.) பம்பரைத் தாண்டி அவ்வளவு உள்ள போகணும்னா குட்டி ஜாக்கிக்கு எட்டாது. எட்டினாலும் கைப்பிடியை மேல தூக்கும்போது பம்பர்ல இடிக்கும், பாதிப் பாதியா அமுக்கணும். இது போக நடுவுல தூக்கினா உயரமும் இன்னும் கூடத் தேவைப்படும்.

ஆக நான் கடைசியா 3 டன் ஜாக்கி எடுத்தேன். டன்னுக்காக இல்லை. 50 செ.மீ. கிட்ட ஏறுது, உடம்பு நீளம், சக்கரம் அகலம். எடை முப்பது கிலோ கிட்ட, அதுதான் இடிக்குது. மாடியில குடியிருக்கறவங்க தூக்கிட்டு ஏறி இறங்க முடியாது. அலுமினியத்துல எடை குறைச்சலா வருது, விலையைக் கேட்டுட்டு நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். தாழ்ந்த ஜாக்கி, அதாவது 8 செ.மீ.லயே நுழையறது, நம்ம ஊர் காருக்கு அவசியமே இல்லை. நம்ம ரோட்டு ஸ்பீட் பிரேக்கருக்குப் பயந்து கம்பெனிக்காரனே அடிப்பக்கத்தை 16, 17 செ.மீ. உயர்த்தித்தான் விக்கறான். நியூஜெர்சி, சிட்னியில தாழ்ந்த வண்டி வச்சிருக்கற மக்கா, உங்களுக்குக் கணக்கு வேற.

வாங்கும்போது கடையிலயே ஒண்ணு செஞ்சு பார்த்தேன். ஜாக்கியை முழுசா ஏத்திட்டு, கைப்பிடியை மெதுவா இடப்பக்கம் திருகி இறக்கறது. எண்ணெய் திரும்பிப் போற வால்வு அதுதான். சிலது கொஞ்சம் திருகினாலே தொபுக்குனு விழுந்தது. அதுவும் தலை மேல கடைப் பையனை ஏறி நிக்கச் சொன்னப்போ! நான் எடுத்தது நூல் பிடிச்ச மாதிரி இறங்கிச்சு. தலையில ரப்பர் இல்லை, வெறும் இரும்புக் கிண்ணம். காரோட ஓரத்துல ரெண்டு தகட்டைச் சேர்த்து வெல்டு வச்ச விளிம்பு ஒண்ணு கீழ தொங்கும், இரும்பு பட்டா மடங்கிடும். கெட்டியான ரப்பர் கட்டையில நடுவுல பள்ளம் வெட்டி வச்சுக்கிட்டேன்.

இந்த ஹைட்ராலிக் ஜாக்கிங்கறது காரை விட மூத்தது தெரியுமா? ரிச்சர்ட் டட்ஜன்னு நியூயார்க்காரர் 1851லயே கையில தூக்கிட்டுப் போற ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை வாங்கிட்டார். கார்ல் பென்ஸ் தன் வண்டிக்கு வாங்கினதே 1886ல. தத்துவம் அன்னிக்கும் இன்னிக்கும் அதேதான். சின்ன பிஸ்டனை நீங்க பல தடவை அமுக்கறீங்க, எண்ணெய் பெரிய பிஸ்டனைக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளுது. மேல நிக்கற அத்தனை பாரத்தையும் பிடிச்சுக்கிட்டிருக்கறது ஒரு வால்வும், சில ரப்பர் வளையங்களும். அது எப்போ கசியும்னு யார் கண்டா? பெரியப்பாவுக்கு இந்தத் தத்துவம் தெரியாது. ஸ்டெப்னியை உருட்டத் தெரிஞ்சது.

அதனால ஸ்டாண்டுக்குத் தனியா காசு ஒதுக்கினேன். ஜாக்கியில மிச்சம் பிடிச்சாலும் பிடிப்பேன், இதுல மாட்டேன். அதுலயும் தேடல் நடந்தது. 2020ல அமெரிக்காவுல ஹார்பர் ஃப்ரைட் நிறுவனம் பிட்ஸ்பர்க் பிராண்டு 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்குல திரும்பப் பெற்றது. பல்லும் கொக்கியும் சரியா கவ்வாம, பாரத்தோட இறங்கிடற அபாயம். சில மாசத்துலயே, பதிலுக்குக் கொடுத்த ஒரு மாடல்லயும் வெல்டிங் குறைன்னு அதையும் திரும்பக் கேட்டாங்க. அதைப் படிச்சதுலேர்ந்து பல்லு வச்ச மாடல் மேல எனக்கு மனசு போகலை. ஓட்டைக்குள்ள தடிமனா இரும்புப் பின் செருகற மாதிரி ஒரு ஜோடி வாங்கினேன். உயரத்தை நம்ம இஷ்டத்துக்கு நுணுக்கமா மாத்த முடியாது. பரவாயில்லை. பின் உள்ள இருக்கா இல்லையான்னு கண்ணால பார்க்கலாம்.

இப்போ எங்க வீட்டு முறை இதுதான். தரையில இருக்கும்போதே நட்டைத் தளர்த்தறது. கட்டை. ஜாக்கி. ஸ்டாண்ட். அப்புறம் ஜாக்கியை மெதுவா இறக்கி பாரத்தை ஸ்டாண்ட் மேல உட்கார வச்சு, பம்பரைப் பிடிச்சு நல்லா ஆட்டிப் பார்க்கறது. ஆடி விழணும்னா நாம வெளிய நிக்கும்போதே விழட்டும். கழட்டின டயர் ஓரத்துல படுத்த மாதிரி அடியில போகும், சங்ககிரி ஸ்டைல். இவ்வளவும் ஆன பிறகுதான் யாருடைய தலையும் உள்ள போகும்.

ஒவ்வொண்ணா சத்தமா சொல்லிச் சரிபார்க்கற வேலை பொண்ணோடது. போன வாரம் நான் ஸ்பேனரை எடுத்துட்டுக் குனிஞ்சேன். "அப்பா, டயர் உள்ள தள்ளலை"ன்னு காலைப் பிடிச்சு இழுத்தா. தள்ளறதுக்குத்தான்மா குனிஞ்சேன்னு சொன்னேன். நம்பலை. எழுந்து வந்து தானே உருட்டித் தள்ளினா. அடுத்த ஞாயிறு பின் சக்கர டிரம் ரெண்டையும் கழட்டிச் சுத்தம் பண்றதா திட்டம். எதிர்வீட்டு சார் தன்னோட இன்னோவாவுக்கும் ஜாக்கி கேட்டிருக்கார். ஸ்டாண்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போறதா இருந்தா தர்றேன்னு சொல்லியிருக்கேன்.