கறையைத் துடைத்தவன்

அந்த வண்டியை நான் கொன்றது 2019 ஜூலை 13, சனிக்கிழமை காலை, பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், என் மகன் அதை மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குக் கிழக்கே இருக்கும் சரிவில் மஞ்சள் வண்டி ஒன்று குறுக்காக வருகிறது. மேலே நான், தேர்தல் வேட்பாளர் மாதிரி கை அசைத்துக்கொண்டு. திடீரென்று சத்தத்தில் ஒரு கரகரப்பு. அடுத்து ‘டக்’. அதோடு எல்லாம் நின்றுவிடுகிறது. கை மட்டும் இன்னும் மேலேயே இருக்கிறது.

நம் ஊரில் டிராக்டர் என்றால் ஆள் உயரச் சக்கரமும் பாட்டுப் பெட்டியும் நினைவுக்கு வரும். இது அதன் குட்டி. கார்டன் டிராக்டர் என்பார்கள். இடுப்பு உயரம், பத்து குதிரைத்திறன். வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் தட்டு. அதைக் கழற்றிவிட்டுப் பின்னால் சின்ன ஏர் பூட்டலாம், முன்னால் பனி தள்ளும் தகடு மாட்டலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்கள் வெளியே பரவ, மக்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். கையால் தள்ளும் இயந்திரத்துக்கு அது அதிகம், பண்ணை டிராக்டருக்கு அது கொறிக்கக்கூடக் காணாது. அந்த இடைவெளியில் பிறந்த வண்டிகள் இவை. இண்டியானாவின் சவுத் பெண்டில் எல்மர் பாண்ட் 1946இல் தொடங்கிய வீல் ஹார்ஸ், 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் இறக்கிய கப் கேடட், 1963இல் ஜான் டியரின் 110. இவற்றைத் தேடிப் பிடித்து, கழற்றி, மறுபடி ஓடவைப்பதையே வேலையாக வைத்திருக்கும் கூட்டம் ஒன்று இங்கே உண்டு. நானும் அதில் போய் விழுந்தேன்.

என்னுடையது கப் கேடட் 100, 1964இல் செய்தது. வண்டி கென்டக்கியின் லூயிவில் தொழிற்சாலையில் பிறந்தது. இன்ஜின் மட்டும் நான் இருக்கும் விஸ்கான்சினைச் சேர்ந்த கோலர் கம்பெனியின் கே241. ஆமாம், நம் ஊர்க் குளியலறைகளில் குழாயிலும் வாஷ்பேசினிலும் பெயர் பார்க்கிறோமே, அதே கோலர்தான். ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு உடம்பு.

ஏன் இந்தக் கிறுக்கு என்று கேட்டால் ஒரு பதில் வைத்திருந்தேன். மேடிசனில் நான் பார்ப்பது மென்பொருள் வேலை. நான் எழுதிய எதுவும் ஐந்து வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. ஐம்பத்தைந்து வயசான ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்கவேண்டும் போலிருந்தது என்பேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். உண்மை அவ்வளவு தத்துவமாக இல்லை. கண்காட்சி ஒன்றில் பளபளவென்று வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தேன். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற உரிமையாளர்களையும் பார்த்தேன். அந்த மாதிரி நிற்கவேண்டும் என்று ஆசை வந்தது. அவ்வளவுதான்.

மவுண்ட் ஹோரெப் பக்கம் மேடும் பள்ளமுமான பகுதியில் ஒரு பெரியவர், எண்பத்து மூன்று வயசு. வண்டியை 1964இல் புதிதாக வாங்கி, 2018 வரை தானே ஓட்டிக்கொண்டிருந்தார். முட்டிவலி வந்ததால் விற்கிறார். 350 டாலர். பேரம் பேசவில்லை. வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டிய பிறகு உள்ளே போய், பிரெட் வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு குட்டி நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். விதை வியாபாரிகள் விவசாயிகளுக்கு இலவசமாகத் தருவார்களே, சட்டைப் பையில் அடங்கும் நோட்டு. உள்ளே ஐம்பத்து நாலு வருஷமும் பென்சிலில். எல்லாம் இதில் இருக்கிறது என்றார். ஏதோ தாத்தா பாசத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கராஜில்தான் இருந்தேன். அது ஒரு சுகம், மறுக்கமாட்டேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி, உள்ளே ஒரு ஹீட்டர், ஒரு ரேடியோ, துரு எண்ணெய் ஊற்றி ஊறவைத்த போல்ட்டுகள். கம்பி பிரஷ் போட்டுப் பழைய பெயின்ட்டை இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். நெளிந்த இடங்களைத் தட்டி எடுத்து, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, மறுபடி உப்புத்தாள். தீப்பொறிக்கு நேரம் குறிக்கும் சி.பி. பாயின்ட்டைச் சுத்தம் செய்து இருபது தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, இடைவெளி வைத்தேன். இந்த வண்டியில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளைதான். பெல்ட் வழியாக முதலில் இன்ஜினைச் சுற்றிவிடும், இன்ஜின் பிடித்ததும் அதே பெல்ட்டில் தான் சுழன்று பேட்டரிக்கு ஊட்டும். கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் இந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளிக்கும் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை.

முன்பக்கச் சட்டத்தில், இன்ஜினுக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பிசுக்கு. எண்ணெயும் புழுதியும் வருஷக்கணக்காகச் சேர்ந்து தார் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. அதைச் சுரண்ட மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, மஞ்சள் பெயின்ட் அடித்தேன். அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்ததும் நினைவிருக்கிறது. இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கின் முன்முனையில் இருக்கும் ஆயில் சீல்தான், வேறென்ன. அதை மாற்ற, புல் வெட்டும் தட்டுக்கு விசை கொடுக்கும் கிளட்ச்சைக் கழற்றவேண்டும். அந்தக் கிளட்ச்சின் திருகுகள் ஐம்பது வருஷத் துருவில் உட்கார்ந்திருந்தன. பழைய வண்டி என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்.

ஏப்ரலில் இரண்டு குவார்ட் புது ஆயில் ஊற்றினேன். அதற்குப் பிறகு வண்டி நின்ற இடத்தில் தரை பாழாகாமல் இருக்க ஓர் அட்டையை விரித்தேன். அட்டை நனைந்தபோது மாற்றினேன். இரண்டு முறை மாற்றினேன். இதை எழுதும்போது விரல் கூசுகிறது. வண்டி என்னிடம் வேறு எப்படிச் சொல்லும்?

மே மாதம் வேலை முடிந்தது. மஞ்சளும் வெள்ளையுமாக, கோடை இரவில் கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது. ஆயுத பூஜைவரை பொறுக்க முடியாமல் அன்றைக்கே சந்தனம் குங்குமம் வைத்தோம். மனைவி தேங்காய் உடைத்தாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவனுக்கு ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கத் தோன்றவில்லை. பெரியவரின் நோட்டைப் பிரித்து, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளைக் குறித்த முதல் பக்கம் தெரியும்படி கண்ணாடிச் சட்டம் போட்டு, கராஜ் சுவரில் மாட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. மற்ற பக்கங்கள் அட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தன.

ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் ஒரு மணி நேரம் நடை வேகத்தில் ஓட்டினேன். பிள்ளைகளுக்கு மிட்டாய் எறிந்தேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் செய்தேன். “ஏங்க, இது புல்லு வெட்டவா, சாமி தூக்கவா?” என்று மனைவி கேட்டது அப்போதுதான். அந்தக் கேள்வி சுட்டதால்தான் அடுத்த வார இறுதியில் சரிவில் புல் வெட்ட இறங்கினேன்.

இந்த இன்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு நீட்டம் இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் அது கீழே கிடக்கும் எண்ணெயில் அடித்துச் சிதறவைக்கும். அந்தச் சிதறல்தான் மொத்த உயவும். ராட் அலுமினியம். நடுவில் தனி பேரிங் எதுவும் கிடையாது, அலுமினியம் நேரடியாக இரும்புக் கிராங்க்கின் மேல் சுழல்கிறது. எண்ணெய் இருக்கிறவரை அரை நூற்றாண்டு ஓடும். அடியில் கொஞ்சம் ரசம் மிஞ்சிய குண்டானைச் சாய்த்துப் பாருங்கள், ரசமெல்லாம் ஓர் ஓரத்துக்குப் போய்விடும், கரண்டி வெறும் பாத்திரத்தைச் சுரண்டும். பாதி எண்ணெயோடு நான் சரிவில் குறுக்காக ஓட்டியபோது நடந்தது அதுதான்.

இன்ஜினை இறக்கி அடிமூடியைத் திறந்தேன். ராட் மூன்று துண்டு. பிளாக் ஓட்டையாகவில்லை, அது என் சாமர்த்தியமில்லை. கிராங்க்கின் வழவழப்பான இடத்தில் அலுமினியம் உருகி, அடிப்பிடித்த பால் மாதிரி அப்பியிருந்தது.

இதற்கு நடுவில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இது முழு வாக்குமூலம் ஆகாது. பெரியவர் மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வார். வானிலை, மக்காச்சோளம், கடைசியில் வண்டி எப்படி ஓடுகிறது. ஜூலைக் கடைசியில் கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றேன். ஆகஸ்டில் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். கராஜில் துண்டு துண்டாக விரித்துப் போட்ட வண்டிக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னேன்.

கிராங்க்கில் ஒட்டிய அலுமினியத்தை எடுக்க வழி, ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அலுமினியத்தைத் தின்னும், அடியில் இருக்கும் இரும்பை அவ்வளவு சீக்கிரம் தொடாது. கராஜ் கதவை முழுக்கத் திறந்துவைத்து, குச்சியில் பஞ்சு சுற்றித் தொட்டுத் தொட்டு வைத்தேன். நுரைத்து நுரைத்து வந்து, கடைசியில் உலோகம் தெரிந்தது. ஆழமான கீறல்கள். மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன். ஒன்றரை அங்குலம் இருக்கவேண்டும். 1.490 காட்டியது. மறுபடி அளந்தேன், அதே 1.490. குறைவது, நம் ஊர் லேத் பட்டறைக் கணக்கில் பத்து தௌ. இது தேய்மானத்தில் வரும் கணக்கு இல்லை, தேய்மானம் இப்படி முழு எண்ணில் வந்து நிற்காது. உடைந்த ராடின் துண்டுகளைத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றில் பொறித்திருந்தது: 010.

அப்படியென்றால் இந்தக் கிராங்க் ஏற்கெனவே ஒருமுறை பத்து தௌ குறைத்துக் கிரைண்டிங் போயிருக்கிறது. இந்த ராட் அதற்கேற்ப மாற்றியது, வண்டி பிறந்தபோது வந்த ராட் இல்லை.

அன்று ராத்திரிதான் சட்டத்தைக் கழற்றி நோட்டை வெளியே எடுத்தேன். சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் பக்கம் பக்கமாகப் படித்தேன். அது ஒன்றும் படிக்கச் சுவையான நோட்டு இல்லை. ஆரம்ப வருஷங்களில் மாதத்துக்கு ஒரு வரி: ஆயில் மாற்றினேன், பாயின்ட் பார்த்தேன், பெல்ட் புதிது. 1971 ஆகஸ்டில் ஒரு தேதி. எதிரே ஒரே ஒரு சொல்: ராட். எப்படி, ஏன், யாரால், எதுவும் இல்லை. ஆறு வாரம் காலி. பிறகு ஒரு சொல்: ஓடுகிறது. அதற்கு அடுத்த வரியிலிருந்து நோட்டின் முகமே மாறிவிடுகிறது. ஒவ்வொரு முறை வண்டியை எடுத்தபோதும் ஒரு வரி. ஆயில் சரி. ஆயில் சரி. அரை விரற்கடை குறைவு, ஊற்றினேன். ஆயில் சரி. இப்படியே நாற்பத்தேழு வருஷம். 2003இல் கொஞ்சம் நீளமாக ஒன்று: முன் சீல் கசிகிறது, கிளட்ச் வரமாட்டேன் என்கிறது, தினம் பார்க்கவேண்டும், சரிவில் குறுக்கே ஓட்டவேண்டாம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுரண்டியெடுத்த அந்தக் கறை.

செப்டம்பரில் உடைந்த துண்டுகளை ஒரு காபி டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு மவுண்ட் ஹோரெப்புக்குப் போனேன். இரண்டு முறை பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பெரியவர் டப்பாவைச் சமையல் மேஜையில் கவிழ்த்தார். துண்டுகளை விரலால் நகர்த்தினார், பொறித்த எண் இருக்கும் துண்டைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சரிவிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருடைய மனைவி காபி ஊற்றிக்கொண்டே, அந்த வருஷம் இவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை என்றார். எந்த வருஷம் என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் மக்காச்சோளத்தைப் பற்றிப் பேசினோம்.

கிராங்க்கை மறுபடி கிரைண்டிங் போடுவதைவிட நல்லதாக வேறொன்று தேடிக்கொள் என்று லேத்காரர் சொன்னார். செத்த இன்ஜின் ஒன்றிலிருந்து கிடைத்தது. ராட், பேக்கிங் எல்லாம் புதிதாகவே வாங்க முடிந்தது. இந்த இன்ஜின்கள் அவ்வளவு எண்ணிக்கையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிளட்ச்சின் திருகுகளைச் சூடு காட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி சூடு காட்டி மூன்று நாளில் எடுத்தேன். சீலின் விலைக்கு ஒரு தோசைக்கல்லின் கைப்பிடிகூட வாங்க முடியாது. கழற்றும்போது சட்டத்தின் பெயின்ட் இரண்டு இடத்தில் பெயர்ந்துவிட்டது. அதை அப்படியே விட்டிருக்கிறேன், கசிந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

நோட்டு இப்போது சுவரில் இல்லை. ஹூடுக்குப் பக்கத்தில், அதே பிரெட் பையில் தொங்குகிறது. மகனின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு பென்சில் எடுத்து, அவருடைய கடைசி வரிக்குக் கீழே ஜூலை 13 என்று தேதி போட்டு, எதிரே ராட் என்று மட்டும் எழுதினேன். ஆறு வாரத்தில் அடுத்த சொல்லை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பதினாலு வாரம் ஆயிற்று. அதற்குள் புல் வெட்டும் காலம் முடிந்து, சரிவெல்லாம் மேப்பிள் இலை கொட்டிக் கிடந்தது.