கோச்சி மூச்சு வாங்கும் ஊர்

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

இடமாற்றப் பட்டியல் வரும் காலம் இது. கண்டியிலோ அக்குறணையிலோ மடவளையிலோ ஒரு ஆசிரியருக்கு "நாவலப்பிட்டி" என்று கடிதம் வந்துவிட்டால், மௌத்து வீட்டுக்கு வருவது போல ஆறுதல் சொல்ல ஆட்கள் வருகிறார்கள். "ஐயோ, அந்த மழைக்கா?" "யாரையாவது பிடிச்சு மாத்திக்கொள்ள ஏலாதா?" அந்த ஊருக்குத் தினமும் சீசன் டிக்கட்டில் போய்வரும் நாலு ஆசிரியர்கள் நாங்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறோம்.

நாவலப்பிட்டி வடிவான ஊர் என்று பொய் சொல்ல மாட்டோம். கண்டிக்கு வாவியும் பெரஹராவும் இருக்கிறது. கம்பளை 14ஆம் நூற்றாண்டில் இராசதானியாக இருந்தது. நுவரெலியாவுக்குப் பூவும் குளிரும். நாவலப்பிட்டிக்கு ரயில் யார்டு, எஞ்சின் ஷெட், பஸ் நெரிசல், கடைத்தெரு, மழை. எல்ல பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்கள் இங்கே ஜன்னலால் கையை நீட்டி வடை வாங்குவார்கள். கேமராவை வெளியே எடுப்பது இங்குருஓயா, கலபொட தாண்டிய பிறகுதான்.

ஆனால் அந்தக் கோச்சி ஏன் இங்கே இவ்வளவு நேரம் நிற்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. நம் ஆட்களும் கேட்பதில்லை.

கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். கம்பளைக்கு 1873, நாவலப்பிட்டிக்கு 1874. அதோடு பாதை நின்றுவிட்டது. ஹட்டனுக்குப் போனது 1884இல்தான், நானுஓயாவுக்கு அடுத்த வருடம். நடுவில் பத்து வருடங்கள் நாவலப்பிட்டிதான் கடைசி ஸ்டேஷன். டிக்கோயா, திம்புள்ள பக்கத்துக் கோப்பி மாட்டு வண்டியில் இறங்கி இங்கேதான் ரயிலேறியது. அரிசியும் சாமானும் ஆட்களும் இங்கே இறங்கி மேலே ஏறினார்கள். அந்தப் பத்து வருடத்துக்குள்தான் 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைச் சாப்பிட்டு முடித்தது, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. நாட்டின் பொருளாதாரமே புரண்டு படுத்த நேரத்தில் பாதையின் நுனியில் இருந்த ஊர் இது. எந்த ராஜாவும் கட்டவில்லை. வண்டியிலிருந்து ரயிலுக்கு மூட்டை மாற்றிய தோள்கள் கட்டியது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கண்டிக்கு ரயில் வந்த வருடத்தைக் கேட்டோம். எல்லாக் கையும் உயர்ந்தது. "உங்கட ஸ்டேஷனுக்கு?" ஒரு கையும் இல்லை. பின்வரிசையில் ஒரு பொடியன் மட்டும் எழும்பி, "எங்கட ஊர்ல என்ன சேர் இருக்கு?" என்று கேட்டான். பேஸ்புக்கில் இவர்களில் பாதிப் பேர் சொந்த ஊர் "கண்டி" என்று போட்டிருக்கிறார்கள். கண்டி இங்கிருந்து சுமார் 40 கிலோமீற்றர்.

அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் கணித டீச்சரிடம் இருந்தது. இந்த ஊர் 600 மீற்றர் உயரத்துக்கும் கொஞ்சம் குறைவு. பட்டிப்பொல சுமார் 1,900 மீற்றர். பாதையின் செங்குத்தான இடங்களில் 44 அடி போனால் ஒரு அடி ஏற்றம். கோணத்தைக் கண்டுபிடியுங்கள் என்றார். 1.3 பாகை வந்தது. "இவ்வளவுதானா டீச்சர்?" என்று வகுப்பே சிரித்தது.

ஓய்வுபெற்ற ரயில் சாரதி ஒருவரை, ஒரு மாணவியின் தாத்தாவை, அடுத்த கிழமை வகுப்புக்குக் கூப்பிட்டோம். பிள்ளைகள் சிரித்ததைச் சொன்னதும் அவரும் சிரித்தார். இரும்புச் சில்லு, இரும்புத் தண்டவாளம், இரண்டுக்கும் நடுவில் வட்டவளை மழை. அந்த 1.3 பாகையில் சில்லு நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. அதற்குத்தான் எஞ்சினில் மணல்பெட்டி. சில்லுக்கு முன்னால் தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே ஏறுவார்களாம். நீராவிக் காலத்தில் பார வண்டிகளுக்கு இரண்டாவது எஞ்சின் கொளுவியதும் இங்கேதான். கொழும்புத் திட்டத்தில் கனடா 1954இலிருந்து தந்த டீசல் எஞ்சின்களின் பெயர்களை, ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று, சொந்தப் பிள்ளைகளின் பெயர் போலச் சொன்னார். மணி அடித்தது, ஒருத்தரும் எழும்பவில்லை. எங்கள் சேவைக்காலத்தில் அது அபூர்வம்.

இதே பிளாட்பாரத்துக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கையெழுத்துப் போட்டார்களே, தலைமன்னாருக்குப் போகத் தோட்டத்து ஆட்கள் ஏறிய கோச்சிக்கு மலையகத்தில் "அழுகைக் கோச்சி" என்று பெயர். மேலே ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் கீழே இறங்கிப் போன பாதை. எங்கள் மாணவர்களில் சிலருக்குத் தாத்தாவின் தம்பி கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருக்கிறார். பெயர் தெரியும், முகம் தெரியாது.

ஊர் முழுக்கச் சோகம் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தில் சம்பளம் போட்ட கிழமையில் கடைத்தெருவுக்கு வந்து பாருங்கள். இம்புல்பிட்டியவிலிருந்தும் தொலஸ்பாகை பக்கத்திலிருந்தும் சனம் இறங்கும். நம் ஆட்களின் புடவைக் கடையில் முதலாளி ஒரே மூச்சில் மூன்று மொழியில் விலை பேசுவார். மொழிக்கல்வி பற்றி நாங்கள் செமினாரில் கேட்பதையெல்லாம் அந்த மனுசன் சல்லி வாங்கிக்கொண்டே செய்கிறார். எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் ஆன்மிகப் பத்திரிகை நடத்தியவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள். "ஆத்மஜோதி" 1948இல் இங்கிருந்துதான் வரத் தொடங்கியது.

திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலை இருக்கிறதே, அதுவும் ரயில்வேக்காகவே வளர்ந்த ஊர்தான். அங்கே பட்டறையில் வேலை செய்த குடும்பம் என்று மூன்றாம் தலைமுறையும் பெருமையாகச் சொல்லும். இங்கே ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்த பிள்ளை அதைச் சொல்லக் கூச்சப்படுகிறது. தேயிலை இப்போது லொறியில் போகிறது. சாதாரண தரம் முடித்த பொடியன்கள் கட்டாருக்கும் கொழும்புக்கும் போகிறார்கள். போகட்டும், வயிறு இருக்கிறது. ஆனால் ஷெட்டில் வேலை செய்த தலைமுறை எங்கள் கண் முன்னாலேயே குறைகிறது. பேச வைக்க வேண்டுமென்று நாங்கள் பட்டியல் போட்ட ஏழு பேரில் இரண்டு பேர் இந்த வருடமே போய்விட்டார்கள். அவர்களோடு என்னென்ன போனதென்று எங்களுக்குத் தெரியாது.

மீதி ஐந்து பேரையும் பிள்ளைகளே பேட்டி எடுக்கிறார்கள். கேள்விகளும் அவர்கள் தயாரித்தவை. முதல் கேள்வியை எழுதியவன் அந்தப் பின்வரிசைப் பொடியன். அடுத்த தவணையில் பாடசாலையில் சின்னக் கண்காட்சி வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வாப்பாவோ அப்பாவோ மாமாவோ நாவலப்பிட்டி ஷெட்டிலோ ஸ்டேஷனிலோ இருந்திருந்தால், பழைய படம், சேவை அட்டை, விளக்கு, விசில், என்ன இருந்தாலும் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பொருள் வேண்டாம், போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். இந்தப் பட்டியலில் நாவலப்பிட்டி கிடைத்த ஆசிரியர்களும் எழுதுங்கள். காலைக் கோச்சியில் இரண்டாவது பெட்டியில்தான் நாங்கள் இருப்போம். குடை மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.