கேடி மாமா

எங்கள் குடும்பத்தில் ஒரு கேடி இருந்தார். அம்மாவின் அண்ணன். ஆறாம் வகுப்பில் சார் ஒவ்வொருவரிடமும் வீட்டில் யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தபோது, நான் எழுந்து நின்று பெருமையாக, "எங்க மாமா கேடி சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். போலீஸ் ஸ்டேஷன் சுவரில் போட்டோ ஒட்டி வைப்பார்களே, அந்தக் கேடியைத்தான் அவர்களுக்குத் தெரியும். எனக்கோ அன்றுவரை கோல்ஃப் கேடியை மட்டும்தான் தெரியும்.

எங்களுடையது மலையூர். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. மாமா இன்னும் அங்கேதான் இருக்கிறார், தினமும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துப் புல்வெளி, ஓட்டுக் கூரை போட்ட கிளப். முப்பது வருடம் மாமா அங்கே மற்றவர்களின் பையைத் தூக்கினார். ஒரு பையில் பதினான்கு மட்டைகள் வரை இருக்கலாம் என்பது ஆட்ட விதி. பந்து, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்தால் தோளை அறுக்கும். அதோடு மேட்டிலும் பள்ளத்திலும் பதினெட்டுக் குழிகளையும் நடந்து முடிக்க வேண்டும். ஐம்பது வயதிலும் அவரை அங்கே "பாய்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆனால் ஆளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. குழிக்குப் பக்கத்தில், ஒட்ட வெட்டிய புல்லில், பந்து எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டால் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். "கண்ணு பொய் சொல்லும் மாப்ள, காலு சொல்லாது" என்பார். நாலடி நடந்தால் அவருடைய பாதத்துக்குச் சரிவு தெரிந்துவிடும். புதிதாக வருகிறவர் மட்டையை ஒருமுறை சும்மா வீசிப் பார்ப்பதை வைத்தே, இவருக்கு எந்த மட்டை எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டுவிடுவார்.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, யாரோ ஒரு மெம்பர் பிடி கிழிந்துவிட்டது என்று தூக்கிப்போட்ட ஏழாம் நம்பர் மட்டையை எடுத்து மாமா ஒரே ஒரு பந்தை அடித்தார். அதை யாரோ பார்த்துவிட்டார்கள். பதினைந்து நாள் உள்ளே வரக்கூடாது என்றார்கள். அந்தப் பதினைந்து நாளும் எங்கள் வீட்டிலிருந்துதான் அங்கே அரிசி போனது. கொண்டுபோய்க் கொடுத்தது நான். மாமா வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார். "பந்து எவ்வளவு தூரம் போச்சு மாமா?" என்று ஒருநாள் கேட்டேன். "நேரா போச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் மட்டையை ஓங்கிப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

"படிச்சிருந்தா இந்த நெலம வருமா?" என்றார் அப்பா. அவர் மாமாவைப் பற்றிப் பேசினாலும், சொன்னது எனக்குத்தான். படித்தேன். கவுன்சலிங், ஹாஸ்டல், அரியர், கேம்பஸ், கம்ப்யூட்டர் என்று எல்லோரும் போன பாதை. படிப்பு என்றால் புத்தகத்தில் இருப்பது, மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் பிழைப்பு என்று ஒரு கோடு மனதில் விழுந்துவிட்டது. அதை யார் போட்டார்கள் என்று யோசித்ததே இல்லை.

2018-ல் ப்ராஜெக்ட்டுக்காக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் ஊரில் இருந்தேன். கோடை வந்ததும் ஆபீஸில் டீம் அவுட்டிங் என்றார்கள். கோல்ஃப். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது பணக்காரர்கள் கிளப் இல்லை, காசு கொடுத்தால் யாரும் ஆடலாம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆடத் தெரியாதவர்களை ஒதுக்கி நிற்கவைத்து, இருபது வயதுப் பையன் ஒருவன் சொல்லிக் கொடுத்தான். "இதுக்கு முன்னாடி மட்டை பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். உண்மைதான். கோல்ஃபில் வந்த காசில் வாங்கிய மிட்டாயைத் தின்று வளர்ந்தவன், அன்றுதான் முதன்முதலாக ஒரு மட்டையைப் பிடித்தேன்.

அவன் இன்டர்ன். என்ன படிக்கிறாய் என்றதற்கு "ப்ரொஃபஷனல் கோல்ஃப் மேனேஜ்மென்ட்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோல்ஃபுக்கு ஒரு டிகிரியா?" அவன் கோபப்படவில்லை. பழகியிருக்கும். "எங்க பாட்டியும் இப்படித்தான் சிரிச்சாங்க" என்றான். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. அதற்காகவே அடுத்த சனிக்கிழமையும் போனேன். அப்புறம் அந்த சீசன் முழுக்கப் போனேன்.

கிராண்ட் ராபிட்ஸிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் போனால் பிக் ராபிட்ஸ். அங்கே உள்ள ஃபெர்ரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில்தான் 1975-ல் இந்தப் படிப்பு முதன்முதலாகத் தொடங்கியது. பிறகு பென் ஸ்டேட், கிளெம்சன், மிசிசிப்பி ஸ்டேட் என்று பரவியது. நம்ம ஊர் பிபிஏ போல இதுவும் அடிப்படையில் ஒரு வணிகப் பட்டம்தான். அக்கவுண்ட்ஸ், மார்க்கெட்டிங், சட்டம் எல்லாம் உண்டு. அதற்கு மேல் கோல்ஃப். எப்படிச் சொல்லிக் கொடுப்பது, மட்டையை ஆளுக்கேற்ப எப்படி வளைப்பது, புல்லுக்கு என்ன நோய் வரும், போட்டி எப்படி நடத்துவது என்று போகும். நடுவில் மொத்தம் பதினாறு மாதம் வெவ்வேறு மைதானங்களில் வேலை. எல்லாம் முடிய நாலரை வருடம் ஆகும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டிவியில் டைகர் வுட்ஸ் ஆடுவது பிஜிஏ டூர். இந்தப் பையன் உறுப்பினராக ஆசைப்படுவது பிஜிஏ ஆஃப் அமெரிக்கா. 1916-ல் தொடங்கியது. போட்டிகளில் ஆடிச் சம்பாதிப்பவர்கள் 1968-ல் பிரிந்து போனார்கள். மிச்சமிருப்பவர்கள்தான் மைதானத்தில் கடை நடத்துகிறவர்கள், பாடம் எடுக்கிறவர்கள், காலை ஐந்தரைக்குக் கதவைத் திறக்கிறவர்கள். கிரிக்கெட்டில் கோச்சிங் கொடுத்து, பிட்சைக் கவனித்து, பேட் விற்று, டோர்னமென்ட்டும் நடத்தும் ஒரே ஆளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அவன் பாடங்களில் எனக்கே ஆசை வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு குழு என்று விடுகிறார்கள். ஒரு குழு நாலாவது குழியில் பந்தைத் தேடி ஐந்து நிமிடம் நின்றால், பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டும். இடைவெளியைக் குறைத்தால் வருமானம் கூடும், ஆனால் மதியத்துக்குள் மொத்த மைதானமும் முட்டிக்கொள்ளும். "டேய், இது எங்க சர்வர் பிரச்சனைடா" என்றேன். பேட்டரி வண்டிகளை வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா, எப்போது சார்ஜ் போடுவது என்று அதற்கே தனிப்பாடம். பனி விழுவதற்குள் விற்காமல் போன டி-ஷர்ட்டுகளை என்ன செய்வது என்று ஒரு பாடம்.

ஆனால் இது எதையும் கேட்காத ஒரு பரீட்சை இருந்தது. ஆட்டத்திறன் தேர்வு. ஒரே நாளில் முப்பத்தாறு குழிகள், அதாவது இரண்டு முழு ஆட்டம். நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் அந்த மைதானத்தை எத்தனை அடியில் முடிப்பார் என்று ஒவ்வொரு மைதானத்துக்கும் ஓர் எண் உண்டு. அதை இரண்டால் பெருக்கிப் பதினைந்து கூட்டினால் இலக்கு. அவன் ஆடிய மைதானத்துக்கு அந்த எண் 71. இலக்கு 157. காலையில் 76 அடித்திருக்கிறான். மதியம் 84. மூன்று அடியில் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை கடைக்குள் டி-ஷர்ட் மடித்துக்கொண்டே சொன்னான். குரல் உடையவில்லை, கைதான் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தது. "அக்கவுண்ட்ஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட். அங்க யாரும் அதைக் கேக்கல" என்றான். பிறகு தலைமைப் பயிற்சியாளர் இருந்த அறைப் பக்கம் கண்ணைக் காட்டி, "அவர் இந்த சீசன்ல எத்தனை தடவை ஆடியிருப்பார், சொல்லுங்க" என்றான். ஐந்து முறை. ஆட்டத்தின் மேல் இருந்த ஆசையால் இந்த வேலைக்கு வந்தவர். ஊர் ஆடுகிற சனி, ஞாயிறு, லீவு நாள் எல்லாம் அவருக்கு வேலை நாள். ஆடி ஜெயித்துத்தான் உள்ளே வர வேண்டும், வந்தபின் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி அந்தச் சங்கத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 1934-லிருந்து அதன் விதிகளில், வெள்ளை இனத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. 1961-ல்தான் நீக்கினார்கள். அதுவரை கறுப்பர்கள் பை தூக்கலாம், உறுப்பினராக முடியாது. பிறகு காலம் மாறி, கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட மேரிலாண்ட் ஈஸ்டர்ன் ஷோர் பல்கலைக்கழகத்திலும் இதே படிப்பு வந்தது. அங்கே அந்த வரியை எழுதி வைத்திருந்தார்கள். எழுதியதை ஒருநாள் அடிக்க முடிந்தது. எங்கள் ஊர் கிளப்பில் அப்படி எதையும் எழுதவில்லை. மாமா வாசல் வழியாக உள்ளே வரக்கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. முப்பது வருடம் அவர் பின்பக்கமாகத்தான் போனார்.

இந்தியாவில் கேடியாக இருந்தவர்கள் ஜெயிக்காமல் இல்லை. டெல்லியில் பை தூக்கிய அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பன் வென்றார். பெங்களூரில் பை தூக்கிய சின்னசாமி முனியப்பா 2009-ல் வென்றார். முனியப்பா ஜெயித்த செய்தித்தாள் துண்டு மாமா வீட்டில் கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்தது ஞாபகம் வந்தது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

2019 ஜனவரியில் ஊருக்கு வந்தேன். மாமாவுக்கு முட்டி போய்விட்டது, பை தூக்குவதில்லை. போனில் என் வீடியோவைக் காட்டினேன். நான் மட்டையை வீசுகிறேன், பந்து தரையோடு உருண்டு போகிறது. ஒருமுறை பார்த்தார். இரண்டாம் முறை பாதியிலேயே, "தலையத் தூக்குற மாப்ள. பந்து எங்க போவுதுன்னு பாக்கற அவசரம். சொல்லிக் குடுத்தவன் சொல்லலையா?" என்றார். சொன்னான். ஆறு மாதமாக அதையேதான் சொன்னான்.

அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். இதற்கென்று காலேஜ் இருக்கிறது என்றேன். "இதுக்கா? எத்தினி வருசம்?" என்றார். நாலரை வருடம் என்றேன். பல் தெரியச் சிரித்தார். "நான் முப்பது வருசம் படிச்சிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"அந்தப் பையன ஆட விடுவாங்களா?"

"ஆடித்தான் ஆவணும் மாமா. ஆடினாத்தான் பாஸ்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை டீ கொண்டுவந்து வைத்தாள். இந்தக் கேள்வியைப் பையன் கேட்டிருந்தால் விதியை எடுத்து விளக்கியிருப்பேன். மாமா கேட்டபோது, பதினைந்து நாள் அரிசி சுமந்ததுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நான் மாமாவுக்காக வருத்தப்பட்டேனே தவிர, அவரிடமிருந்து பிடுங்கியது ஒரு படிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. என்ஜினியரிங் முடித்துப் பத்து வருடம் கழித்து, மிச்சிகனில் ஒரு பையன் அதே விஷயத்தை நோட்டுப் போட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் தோன்றியது.

பையன் தேர்வில் தோற்றதைச் சொன்னேன். மாமா டம்ளரைக் கீழே வைத்தார். முகமே மாறிவிட்டது. மைதானத்தில் மெம்பர் பக்கத்தில் நிற்கும்போது இருந்திருக்குமே, அந்த முகம்.

"காலைல எவ்வளவு?"

"எழுபத்தாறு."

"மத்தியானம்?"

"எம்பத்துநாலு."

"பை யாரு தூக்குனா?"

"அவனேதான் மாமா. முப்பத்தாறு குழியும்."

மாமா தலையை ஆட்டினார். "அதான்" என்றார்.