வீடு மைதானமான கதையும் மைதானம் வீடான கதையும்



டென்னிஸ் ஆடுகளத்திற்கு உலகெங்கும் ஒரே அளவுதான். கிரிக்கெட்டின் எல்லைக்கோடு ஊருக்கு ஊர் சற்றே மாறும். மாறினாலும் அதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. அமெரிக்க மக்கள் பெரிதும் நேசிக்கும் பேஸ்பால் ஆட்டத்திலோ, மைதானத்திற்கு மைதானம் உள்ள வேறுபாடே அதன் தனிச்சிறப்பாகப் போற்றப்படுகிறது. அது ஏன் என்று தேடப்போய், விளையாட்டைக் காட்டிலும் பெரியதொரு செய்தி எனக்குக் கிட்டியது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நான் விளையாட்டு ரசிகன் அல்லன். கல்லூரியில் வரலாறு பயின்றவன். இப்போது மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன். பாஸ்டன் நகரில் பணியாற்றும் என் சகோதரியின் மகன் ஒருநாள் தொலைபேசியில், "மாமா, இங்கே ஒரு சுவருக்குப் பெயர் வைத்துப் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள்" என்றான். அந்தச் சுவரிலிருந்துதான் என் தேடல் தொடங்கிற்று.

பேஸ்பாலில் ஆட்டக்காரர் ஓடித் தொட வேண்டிய முனைகள் நான்கு. ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் இடையே 90 அடி. பந்து வீசுபவர் நிற்கும் தூரம் 60 அடி 6 அங்குலம். இவ்வளவுகள் எங்கும் மாறுவதில்லை. ஆனால் வெளிவேலி எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு எல்லா மைதானங்களுக்கும் பொதுவான ஓர் அளவு கிடையாது. பழைய மைதானங்கள் நகரத்தின் நடுவே, தெருக்களுக்கிடையே கிடைத்த மனைகளில் எழுந்தவை. தெரு குறுக்கிட்ட இடத்தில் வேலி நின்றது.

தொடக்கத்தில் பார்வையாளர் மாடங்கள் மரத்தாலேயே கட்டப்பட்டன. 1894 மே மாதத்தில் பாஸ்டன் மைதானம் ஒன்றில் பற்றிய தீ, சுற்றியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களையும் சேர்த்து விழுங்கியது. பிலடெல்பியாவில் ஷைப் பார்க் 1909-இல் இரும்பாலும் கான்கிரீட்டாலும் எழுப்பப்பட்ட பிறகு நிலைமை மாறியது. மற்ற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

பாஸ்டனின் ஃபென்வே பார்க் 1912 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இன்றும் பயன்பாட்டில் உள்ள பெரிய பேஸ்பால் மைதானங்களுள் மூத்தது இதுவே. இடப்பக்கத்தில் லான்ஸ்டவுன் தெரு நெருங்கி நின்றதால் மைதானத்தை அப்பக்கம் நீட்ட இயலவில்லை. அங்கு வேலியின் தூரம் 310 அடிதான். அதனை ஈடுசெய்வதுபோல் 37 அடி உயரத்திற்குச் சுவர் நிற்கிறது. முன்பு விளம்பரங்கள் நிறைந்திருந்த அச்சுவருக்கு 1947-இல் பச்சை வண்ணம் பூசினர். 'பச்சைப் பூதம்' என்ற பெயரும் அதற்கு வாய்த்தது. என் மருமகன் சொன்ன சுவர் இதுதான்!

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு 1914-இல் பிறந்தது. அதன் செங்கல் சுவரில் 1937-இல் நட்ட கொடிகள் இன்றும் படர்ந்திருக்கின்றன. எதிர்வரிசை வீடுகளின் மாடியிலிருந்தே ஆட்டத்தைக் காணலாம். இரவு ஆட்டங்களால் தங்கள் அமைதி கெடும் என்று அப்பகுதி மக்கள் எதிர்த்ததால், 1988 ஆகஸ்டு வரையில் அங்கே விளக்கொளியில் பெரிய அணிகளின் ஆட்டம் நடந்ததில்லை. அண்டை வீட்டாரின் உரிமையை நாள்தோறும் பாடமாகச் சொல்லித்தரும் எனக்கு, இச்செய்தி மிகவும் இனித்தது.

ஆயினும் எல்லா ஊர்களிலும் அண்டை வீட்டாருக்கு இந்த மதிப்புக் கிடைத்துவிடவில்லை.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1913-இல் திறக்கப்பட்ட எபெட்ஸ் ஃபீல்டு, டாட்ஜர்ஸ் அணியின் இல்லமாக விளங்கியது. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் அங்கேதான் களமிறங்கி, கறுப்பின ஆட்டக்காரர்களைப் பல்லாண்டுகளாகப் பெரிய அணிகளில் சேர்க்காதிருந்த அநீதியை உடைத்தார். அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி புதிய மைதானம் வேண்டினார். அவர் விரும்பிய இடம் நியூயார்க்கில் கிடைக்கவில்லை. 1957-ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் அணி லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. எபெட்ஸ் ஃபீல்டு 1960-இல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1964-இல் இடிக்கப்பட்ட போலோ கிரவுண்ட்ஸ் மைதானமும் இவ்வாறே மக்கள் குடியிருப்பாயிற்று.

லாஸ் ஏஞ்சல்ஸிலோ கதை தலைகீழாக நடந்தது. சாவேஸ் ரவைன் என்ற மேட்டுப் பள்ளத்தாக்கில் பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என மூன்று குடியிருப்புகள் இருந்தன. பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த எளிய குடும்பங்கள். "இங்கே அரசு வீடுகள் கட்டப்போகிறது, அவற்றில் உங்களுக்கே முதலுரிமை" என்று 1950-இல் அவர்களுக்குக் கடிதம் வந்தது. அதை நம்பிப் பெரும்பாலோர் வெளியேறினர். அரசியல் மாறியது; வீட்டுத் திட்டம் 1953-இல் கைவிடப்பட்டது. நிலம் மட்டும் திரும்பவில்லை. அதனை டாட்ஜர்ஸ் அணிக்கு அளிக்கும் ஒப்பந்தம் 1958 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் சிறிய வித்தியாசத்தில் வென்றது. எஞ்சியிருந்த குடும்பங்களை 1959 மே 8 அன்று காவலர்கள் வலுக்கட்டாயமாக அகற்றினர். ஒரு பெண்ணைக் கைகால் பிடித்துத் தூக்கிச் சென்ற காட்சி நிழற்படமாகவே நிற்கிறது. 1962 ஏப்ரலில் டாட்ஜர் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. அழகிய அரங்குதான், மறுப்பதற்கில்லை. அதனைச் சுற்றிப் பல்லாயிரம் கார்கள் நிறுத்த விசாலமான இடமும் உண்டு!

அதன்பின் வந்த அரங்குகளுக்குச் சுற்றுப்புறம் என்பதே தேவையற்றதாயிற்று. ஹூஸ்டனில் 1965-இல் கூரை மூடிய ஆஸ்ட்ரோடோம் திறக்கப்பட்டது. ஒளி ஊடுருவும் கூரைத் தகடுகளின் கூச்சத்தால் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவற்றுக்கு வண்ணம் பூசினர். வெயிலின்றிப் புல் பட்டுப்போயிற்று. 1966-இல் செயற்கைப் புல் விரித்தனர். சின்சினாட்டி, பிட்ஸ்பர்க், பிலடெல்பியா ஆகிய நகரங்களில் 1970, 1971 ஆண்டுகளில் எழுந்த வட்ட வடிவக் கான்கிரீட் அரங்குகள் ஒன்றையொன்று அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. மூன்றுமே 2001 முதல் 2004-க்குள் இடிக்கப்பட்டன.

பால்டிமோர் நகரம் 1992-இல் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தைக் கட்டியபோது, அங்கிருந்த பழைய இரயில்வே செங்கல் கிடங்கை இடிக்காமல் மைதானத்தோடு இணைத்துக்கொண்டது. மக்கள் மகிழ்ந்தனர், பிற நகரங்களும் பழைய பாணிக்குத் திரும்பின. ஆனால் முன்பு தெரு வளைத்த வேலியைப் பின்னர் பல இடங்களில் வரைபடக் கலைஞர் தாமே வளைத்தார். அவற்றுட் பலவற்றிற்குப் பொதுமக்களின் வரிப்பணமே செலவாயிற்று என்பதையும் மறந்துவிடலாகாது.

வாசகப் பெருமக்களே! ஒளிவெள்ளத்தில் மின்னும் அரங்கமொன்றைத் தொலைக்காட்சியில் காணும்போது பிள்ளைகள் வியந்து பார்ப்பார்கள், பார்க்கட்டும். அத்துடன், "இந்த இடத்தில் முன்பு யார் வாழ்ந்தார்கள்?" என்று கேட்கவும் அவர்களுக்குப் பழக்குங்கள். சாவேஸ் ரவைனில் வீடிழந்தவர்கள் தங்களை 'வேரோடு பெயர்க்கப்பட்டோர்' என்று அழைத்துக்கொண்டு, அருகிலுள்ள பூங்காவில் ஆண்டுதோறும் கூடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். தங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்து வந்து, எந்தத் தெருவில் எவருடைய வீடு இருந்தது என்று சொல்லிக்கொடுத்தனர்.