எதிர்த்திசைப் பேருந்து

கிறிஸ்துமஸ் நெருங்கினால் சென்னையிலிருந்து கிளம்பும் பேருந்துகளைப் பற்றித்தான் பத்திரிகைகளில் செய்தி வரும். கிளாம்பாக்கத்தில் கூட்டம், கூடுதல் பேருந்துகள், ஆம்னி பஸ்காரர்கள் ஏற்றிய கட்டணம், பரனூர் சுங்கச்சாவடியில் வண்டி வரிசை. அந்தப் பேருந்துகள் விடியற்காலையில் கள்ளக்குறிச்சியிலும் ஆத்தூரிலும் சேலத்திலும் ஆட்களை இறக்கிவிட்டு மறுபடி சென்னைக்குத் திரும்பியாக வேண்டுமே, அதில் யார் போகிறார்கள் என்று எந்த நிருபரும் எழுதி நான் படித்ததில்லை. நாங்கள் போகிறோம்.

ஏறிப் பார்த்தால் பாதிக்குமேல் காலி இருக்கை. உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். காலடியில் கட்டைப்பை, மடியில் தூக்குவாளி. "எல்லாரும் பேரப்பிள்ளை கோஷ்டியா?" என்று கேட்டபடியே நடத்துநர் டிக்கெட் அடிப்பார். ஊரே ஒரு பக்கம் போகும்போது மறுபக்கம் போவதில் ஒரு சௌகரியம், ஜன்னலோரம் நிச்சயம் கிடைக்கும்.

பொங்கலுக்கு அவர்கள் வருவார்கள், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் போவோம் என்பது எங்கள் வீட்டில் தானாக அமைந்த ஏற்பாடு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. காலண்டர் முடிவு செய்தது. பொங்கலுக்கு மூன்று நாள் அரசு விடுமுறை சேர்ந்தாற்போல் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு நாள். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு 23ஆம் தேதி வரை இழுக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் லீவில் இருக்கும் அந்த வாரத்தில்தான் என் மகனின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலைகளை வைத்துக்கொள்வார்கள். ஓய்வுபெற்ற கிழவனுக்கும் கிழவிக்கும் எந்தத் தேதியும் ஒன்றுதான். அதனால் மூட்டை கட்டுவது நாங்கள்.

என் தாத்தா கிறிஸ்துமஸுக்காக ஊரைவிட்டு எங்கும் போனவரில்லை. நாங்கள் ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். 1860களில் நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி வேலை தொடங்க, பிறகு டேனிஷ் மிஷன் அதை எடுத்து நடத்தி, திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி என்று உள்ளே பரவிய சபை இது. தாத்தா காலத்தில் விடியற்காலை நாலு மணி ஆராதனைக்கு ஊர் கூடும். மகன்களும் மருமகள்களும் முந்தின நாள் இருட்டுவதற்குள் வந்து இறங்கியிருப்பார்கள். வராதவன் பெயரை அவர் ஜெபத்திலேயே குத்திக்காட்டுவார். கிழவர் அசையாமல் இருப்பார். குடும்பம் அவரைச் சுற்றி வரும். அது தலைகீழானது என் தலைமுறையில்தான். எனக்கு இதில் வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால், பெரிதாக இல்லை. தாத்தாவுக்கு ஆறு பிள்ளைகள் அக்கம்பக்கத்திலேயே இருந்தார்கள். எனக்கு ஒரு மகன், அவனும் அம்பத்தூரில்.

கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பே வீட்டில் அதிரச வேலை தொடங்கிவிடும். என் மனைவி அதிரசத்தைச் சுட்டு எடுத்து வருவதில்லை, மாவாகத்தான் எடுத்து வருவாள். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்பி, கைக்கு ஈரம் தெரிகிற பதத்திலேயே அரைக்க வேண்டும், காய்ந்துபோனால் கெட்டது. வெல்லத்துக்குப் பஞ்சமில்லை, கரும்பு விளைகிற ஊர். பாகு காய்ச்சும்போது கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. விரலில் மெத்தென்று உருண்டு வந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் பதில் கிடைக்காது. ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, மேலே நெய் தடவி, தூக்கில் அடைத்து மூடினால் அது பாட்டுக்கு ஊறிக்கொண்டே சென்னை வந்து சேரும். "சுட்டதைக் கொண்டுபோனா பலகாரம். மாவைக் கொண்டுபோனா அங்க அடுப்படியில எனக்கு வேலை இருக்கும்ல" என்பாள். விருந்தாளியாக உட்கார்ந்திருக்க அவளுக்கு வராது.

ஊரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவளுக்குக் காசில்லாத டிக்கெட், எனக்குக் காசுக்கு டிக்கெட். "ஓசியில வர்றவ நான், ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்க" என்று விட்டுக்கொடுப்பாள். கள்ளக்குறிச்சியில் ஏறியதும் இருவருக்கும் முழுக் கட்டணம், அத்துடன் அந்தப் பெருந்தன்மையும் முடிந்துவிடும்.

ரயில் என்றால் எங்களுக்குச் சின்னசேலம்தான். சேலத்திலிருந்து விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் இரவு வண்டி அங்கே நிற்கும். முன்பெல்லாம் அறுபது வயது தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதமும் ரயில் கட்டணத்தில் சலுகை இருந்தது. கொரோனா வந்த 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. கீழ்ப் படுக்கை மட்டும் கிடைத்தால் இன்றும் நான் ரயிலைத்தான் சொல்வேன். இரவில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டிய வயதில், நெடுஞ்சாலை மோட்டலில் பேருந்தை நிறுத்தும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னவென்று, டிக்கெட் எடுத்துத் தரும் பிள்ளைகளுக்குத் தெரியாது. நாமும் சொல்வதில்லை.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டி, சாத்தனூர் அணையைத் திறந்து, தென்பெண்ணை கரை மீறி, அரசூர் பக்கம் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையே வெள்ளத்தில் நின்றது. "இந்த வருஷம் வேணாம்ப்பா, ரோடு எப்படி இருக்கோ" என்றான் மகன். கிறிஸ்துமஸுக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. தூக்குவாளியும் கிளம்பிவிட்டது.

அந்தப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசினால் ஒரு விஷயம் வெளிச்சமாகும். போகிறவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை. ஒருமுறை உளுந்தூர்பேட்டையில் ஏறிய அம்மா நெற்றி நிறைய திருநீறோடு இருந்தார். "மக வீட்டுக்குங்க. பள்ளிக்கூடம் லீவு வுட்டுட்டாங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, புள்ளைங்கள யாரு பாக்குறது?" என்றார். சட்டென்று எனக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி அழைப்புகள் நினைவுக்கு வந்தன. "அப்பா, கிறிஸ்துமஸுக்கு வந்துடுங்க. வந்தா ஒண்ணாம் தேதி வரைக்கும் இருந்துட்டுதான் போகணும்." பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை முடிவதும் அதையொட்டித்தான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேவைப்படுவதைவிடக் கௌரவமான அழைப்பு வயதானவர்களுக்கு வேறு இல்லை. ஆனால் அதை நேராகவே கேட்கலாம். "பண்டிகைக்கு வாங்க, பிள்ளைகளையும் பார்த்துக்கணும்" என்று சொன்னால் நாங்கள் மறுக்கப் போகிறோமா? எந்தச் செருப்பு, எந்த மாத்திரை, எத்தனை நாளைக்கு எடுத்துவர வேண்டும் என்றாவது தெரியும்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தால் எனக்குக் கல்வராயன் மலைதான் நினைவுக்கு வரும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலைச்சாலை ஏறி, வெள்ளிமலைப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் சில ஆண்டுகள் வாத்தியாராக இருந்தேன். மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகள். அவர்களுடைய சாமி கரிராமன். கிறிஸ்தவர்கள் அங்கே சொற்பம். ஆனால் அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் "கிறிஸ்மஸ் லீவு"தான். அந்தச் சொல்லுக்காகவே தேர்வு எழுதினார்கள் என்று சொல்லலாம்.

தேர்வு முடிகிற அன்று விடுதி வாசலில் காத்திருந்தவர்களில் அப்பா அம்மாக்கள் குறைவு. டிசம்பரில் கேரளாவில் மிளகு பறிப்பு, குடகில் காப்பிப் பழம் பறிப்பு. மலையிலிருந்து இளம் வயதுக்காரர்கள் குடும்பத்தோடு கிளம்பிப்போகிற காலம் அது. வந்து நிற்பவர்கள் தாத்தாக்களும் பாட்டிகளும்தான். ஒரு பெரியவரை இன்னும் மறக்கவில்லை. பனி விலகாத நேரத்தில் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு புங்க மரத்தடியில் குந்தியிருந்தார். இருட்டோடு கிளம்பி நடந்தே வந்தவர். மணி அடிக்கப் பத்து மணி ஆகும், உள்ளே வந்து உட்காருங்கள் என்றால், "இங்கயே இருக்கேன் சாரு, புள்ள வெளிய வந்தா தேடும்" என்றார். பேத்தி ஆறாம் வகுப்பு. பதிவேட்டில் கைநாட்டு வைத்தார். மை ஒட்டிய கட்டைவிரலை வேட்டியில் துடைக்காமல், சுவரோரம் கிடந்த இலையில் பொறுமையாகத் துடைத்தார். பயணத்துக்கென்று வெளுத்துக் கட்டிய வேட்டி. துணி முடிச்சை அவிழ்த்து அவித்த மரவள்ளிக்கிழங்கை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அது நின்றபடியே தின்றது. வீட்டில் இன்னும் இரண்டு சின்னதுகள் இருப்பதாகவும், மகனும் மருமகளும் மாசி கழிந்துதான் வருவார்கள் என்றும் சொன்னார்.

ஜாகீர்தார்கள் கையிலிருந்து அந்த மலை அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1976இல்தான். அந்தப் பெரியவர் ஜாகீர் காலத்தை வாலிபனாகப் பார்த்திருப்பார். கிழவனான பிறகு பிள்ளை வளர்க்க ஆரம்பித்திருக்கிறார். நாங்கள் வருஷத்துக்கு ஒரு வாரம் செய்துவிட்டுப் பெருமை பேசுகிற வேலையை அவரைப் போன்றவர்கள் மாதக்கணக்கில் செய்கிறார்கள். அவர்களை யாரும் டிக்கெட் போட்டு அழைப்பதில்லை.

அம்பத்தூர் கிறிஸ்துமஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கோயம்பேட்டில் இறங்கிய காலத்தில் வீடு பக்கம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்தபின், பாதி சென்னையைச் சுற்றிக்கொண்டு இன்னொரு பேருந்தில் போக வேண்டியிருக்கிறது. சபையில் பாடல் வரிகளைத் திரையில் போடுகிறார்கள். மனைவி திரையைப் பார்க்காமலே பாடுவாள், மேளத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுவாள். அடுக்ககத்துப் பிள்ளைகள் நடத்திய நாடகத்தில் பேரன் ஆடாக வந்தான். ஆட்டுக்கு வசனம் கிடையாது என்று அவனுக்கு ஒரே மனக்குறை. "ஆயா, ஆடு சும்மா நிக்கணுமா?" என்றான். "அதிரசம் தரேன், சும்மா நில்லு" என்றாள்.

அந்த நாடகத்தைப் பார்க்கும்போதுதான் கவனித்தேன்: குடிலில் ஆடு உண்டு, மாடு உண்டு, ஒட்டகம் உண்டு, தூரதேசத்துச் சாஸ்திரிகள் உண்டு. தாத்தா பாட்டி கிடையாது. கத்தோலிக்கர்கள் மரியாளின் பெற்றோர் என்று சுவக்கீனையும் அன்னம்மாளையும் ஜூலை 26இல் நினைவுகூர்கிறார்கள். 2021 முதல் ஜூலை நாலாவது ஞாயிறைத் தாத்தா பாட்டிகள் நாளாகவே போப் பிரான்சிஸ் அறிவித்துவிட்டார். எங்கள் சபையில் அதுவும் இல்லை. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊர் திரும்பியதும் எனக்குப் பழக்கமான ஒரு சிற்பியிடம் இந்தக் குறையைச் சொன்னேன். உளியை நிறுத்தாமலே, "செஞ்சிடலாம் சார், ஒரு கிழவன் கிழவி. கையில மூட்டையோட வைக்கட்டுமா, மூட்டை இல்லாமயா?" என்றார். மூட்டையோடு என்றேன்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லத்தான். எங்களைக் கூட்டிப்போக டிக்கெட் எடுக்கிறவர்கள் திரும்பி வர எடுப்பதில்லை. "வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எங்களுக்கும் ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்திருப்போம். ரத்த அழுத்த மாத்திரை பதினைந்து நாளைக்குத்தான் இருக்கும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எங்கள் சபையில் எங்கள் பெஞ்சில் உட்கார வேண்டும்; அந்த வருஷம் போய்ச் சேர்ந்தவர்களை நினைத்துக்கொள்கிற ராத்திரி அது, எங்கள் வயதில் அதில் தெரிந்த பெயர்கள் அதிகம். எப்போது திரும்புவோம் என்று தெரிந்தால், இருக்கிற நாளை நிம்மதியாக இருப்போம்.

2024 நவம்பரிலிருந்து ரயிலில் அறுபது நாளுக்கு முன்புதான் முன்பதிவு. கிறிஸ்துமஸுக்கு என்றால் அக்டோபர் கடைசி வாரத்தில் எடுத்துவிட வேண்டும். வருவதற்கு எடுக்கும்போதே போவதற்கும் ஒரு கீழ்ப் படுக்கை பாருங்கள். தேதியை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள், ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.