குறை யாரிடம்?

துபாயில் பணிபுரியும் என் மைத்துனர் பெருநாள் விடுமுறையில் ஊர் வந்தபோது, என் பத்து வயது மகனுக்குச் சிறியதொரு ஹெலிகாப்டரை அன்பளிப்பாகக் கொண்டு வந்தார். ரிமோட்டின் விசையை நகர்த்தினால் வீட்டுக் கூடத்திலேயே பறக்கக்கூடியது. ஆனால் பிள்ளையின் மகிழ்ச்சி மூன்று நாள்கூட நீடிக்கவில்லை. விரும்பிய உயரத்தில் நிற்க அது மறுத்தது. சீறிச் சென்று கூரையில் மோதும். இல்லையேல் தரையில் வந்து விழும்.

"உன் கையில் நிதானமில்லை" என்று மகனைக் கடிந்துகொண்டேன். பிள்ளைகளைத் திருத்தியே பழகிய நாவல்லவா! ரிமோட்டை வாங்கி நானே இயக்கிக் காட்டினேன். என் கையிலும் அது கூரையில்தான் மோதியது. அப்போதாவது நான் சிந்தித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, இறக்கைகள் தளர்ந்து ஆடுவதைக் கண்டு, அவற்றின் திருகுகளை என் பலம் முழுவதையும் கொண்டு முடுக்கிவிட்டேன்.

கலைப் பிரிவில் பட்டம் பெற்றவன் நான். 9ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ் இறகுகள் பூண்டு பறக்க முயன்றதையும், வால் அமைக்காததால் இறங்கும்போது காயமுற்றதையும் வரலாற்றாசிரியர் மக்கரீ குறித்து வைத்துள்ளார். அச்செய்தியை வகுப்பில் பலமுறை பெருமையுடன் கூறியிருக்கிறேன். ஆனால் பறக்கும் பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒருநாளும் ஆராய்ந்ததில்லை.

ஒரு வாரத்திற்குப் பின் நிலைமை மோசமாயிற்று. விசையை முழுவதும் தள்ளினாலும் ஹெலிகாப்டர் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. உடல் முழுவதும் அதிர்ந்தது.

"வாப்பா, நான் ஒன்றும் செய்யவில்லை" என்றான் மகன்.

நான் நம்பவில்லை. எங்கோ மோதி உடைத்துவிட்டு மறைக்கிறான் என்றே எண்ணினேன். அதைச் சொல்லியும் விட்டேன். அவன் ஹெலிகாப்டரை அலமாரியின் மேல் வைத்தான். இரண்டு நாட்கள் என் முகம் பார்த்துப் பேசவில்லை. பொய்யன் என்ற சொல் பிள்ளையின் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

எங்கள் தெருவில் கைப்பேசி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். மகனையும் அழைத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். அவர் முதலில் பேட்டரியின் இணைப்பைத் துண்டித்தார். பிறகு இறக்கைகளைத் தாங்கும் தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தார். அது இறுக்கமாகச் சுழன்றது. பல் சக்கரத்தின் அடியில் நீண்ட தலைமுடிகள் சுற்றிக் கிடந்தன. கூடத்துக் கம்பளத்தில் இறங்கும்போதெல்லாம் சுற்றிக்கொண்டவை. மோட்டாரின் ஆற்றலில் பெரும்பகுதியை அந்த முடிகளே விழுங்கியிருந்தன. இடுக்கியால் அவற்றை அகற்றினார்.

"ஹஜ்ரத், இந்தத் திருகுகளை இவ்வளவு முடுக்கியது யார்?" என்று கேட்டார். இறக்கைகள் தம் இடத்தில் தளர்வாக அசைய வேண்டுமாம். அப்போதுதான் சுழலும்போது தாமாகவே நேராகும். முடுக்கிவிட்டால் அதிரும். மகன் என்னைப் பார்த்தான். நான் தலை குனிந்தேன்.

உயரத்தின் இரகசியத்தையும் அவர் விளக்கினார். பெரிய ஹெலிகாப்டரில் இறக்கையின் சாய்வை மாற்றி ஏறி இறங்குவார்கள். எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை இறக்கை கொண்ட இவ்வகை விளையாட்டுக் கருவியில் சாய்வு மாறாது. மோட்டாரின் வேகம் மட்டுமே மாறும். விசையைத் தள்ளியதும் பலன் உடனே தெரியாது, சற்றுத் தாமதமாகும். பொறுமையிழந்து மேலும் தள்ளினால் கூரைக்குப் பாயும். பதறி முழுவதும் இழுத்தால் விழும். மயிரிழை நகர்த்தி, ஒரு கணம் காத்திருந்து, பிறகே அடுத்ததை நகர்த்த வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் வரை, கீழே தள்ளப்படும் காற்றே மெத்தை போல் தாங்கும். அதற்கு மேல் சிறிது கூடுதல் விசை தேவை. 3.7 வோல்ட் என்று பொறிக்கப்பட்ட பேட்டரி, நிறைந்திருக்கையில் 4.2 வோல்ட் தரும். குறையக் குறைய அதே உயரத்திற்கு விசையைக் கூட்ட நேரும். பறக்கவிடும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பறந்து சூடேறிய பேட்டரியை ஆறவிட்டே மின்னேற்ற வேண்டும்.

வீடு திரும்பும் வழியிலேயே மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை வாப்பா" என்று என் விரலைப் பற்றிக்கொண்டான். அன்று அஸருக்குப் பின் அவன் கையில் அந்த ஹெலிகாப்டர் நெஞ்சு உயரத்தில் அமைதியாக நின்றது. அல்ஹம்துலில்லாஹ்!

மறுநாள் சுப்ஹுக்குப் பிந்திய வகுப்பில் ஒரு மாணவன் நன்கறிந்த பாடத்தில் தடுமாறினான். வழக்கம்போல் கடிந்துகொள்ள வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டு அருகழைத்து விசாரித்தேன். உம்மாவுக்குக் காய்ச்சல், முந்தைய இரவே அவன் சாப்பிடவில்லை. பாடத்தை ஒத்திவைத்து, முதலில் அவனுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்தேன்.

எழ முடியாத பிள்ளையைக் கண்டால் விசையை மேலும் தள்ளுவதே நம் பழக்கமாகிவிட்டது. உள்ளே என்ன சுற்றிக் கிடக்கிறது என்று பார்ப்பவர் எத்தனை பேர்? திருகை முடுக்கியவர் நாமாகவே இருக்கவும் கூடும். பிள்ளைகளை நிதானத்துடன் நடத்தும் பக்குவத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.