நியாமேயிலிருந்து ஜிந்தர் வரை: அடிக்கட்டையில் இருந்த காடு

நைஜரின் தலைநகர் நியாமேயிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலை, டொசோ, பிர்னி என்கோனி ஊர்களைக் கடந்து, நைஜீரிய எல்லையை ஒட்டியபடியே மராடிக்கும் ஜிந்தருக்கும் செல்கிறது. வழிநெடுக மணற்பாங்கான மானாவாரி நிலம். மழை ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். கம்பு, சோளம், தட்டைப்பயறு ஆகியவற்றை ஒரே வயலில் கலந்து விதைக்கிறார்கள். கம்பு முதன்முதலில் பயிரானது இந்தச் சாகேல் வறள்நிலத்தில்தான். இந்தியாவுக்கு அது இங்கிருந்தே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்தது. மராடியை நெருங்கும்போது வயல்களுக்கு நடுவே மரங்கள் அடர்கின்றன. வரிசை கிடையாது, சம இடைவெளி கிடையாது. யாரும் நட்டு வளர்த்தவை அல்ல என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே நிலம் ஏறக்குறைய மொட்டையாகக் கிடந்தது. 1968 முதல் 1973 வரை நீடித்த வறட்சி மரங்களையும் கால்நடைகளையும் சேர்த்தே கொண்டுபோனது. ஆனால் பழியை வறட்சியின் மேல் மட்டும் போட முடியாது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வந்த வனச்சட்டம், உழவர் நிலத்தில் நின்ற மரத்தையும் அரசின் சொத்தாக்கியது. கிளையை வெட்டக்கூட அனுமதிச் சீட்டு வேண்டும், மீறினால் அபராதம். விடுதலைக்குப் பின்னும் அந்த ஏற்பாடே தொடர்ந்தது. தனக்குப் பயன்படாத மரத்தை எவர் காப்பார்? முளைத்து வரும் துளிரை விதைப்புக்கு முன்பே வெட்டி எரித்து, வயலைத் துப்புரவாக வைத்திருப்பதே நல்ல உழவு என்ற எண்ணம் ஊன்றியது. தடுக்க மரமில்லாத வெளியில் காற்று மணலை வாரி இறைத்து இளம்பயிரை மூடிவிடும். ஒரே பருவத்தில் மூன்று, நான்கு முறை மறுவிதைப்பு செய்த குடும்பங்கள் ஏராளம்.

1980களின் தொடக்கத்தில் மராடி வட்டாரத்தில் பணியாற்றிய ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ, முதலில் எல்லாரையும் போல நாற்றங்கால் அமைத்துக் கன்றுகளை நட்டார். பெரும்பாலானவை வெயிலிலும் ஆட்டின் வாயிலும் மடிந்தன. 1983இல், மணலில் வண்டி ஓட்டுவதற்காகச் சக்கரத்தின் காற்றைக் குறைக்க வழியில் இறங்கியவர், சாலையோரப் புதர் ஒன்றின் இலையைக் கூர்ந்து பார்த்தார். அது புதரே அல்ல. வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அப்படிப்பட்ட துளிர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஆழமாய் ஓடிய பழைய வேர் உயிரோடு இருந்தது. புதிதாக நடுவதற்கு அவசியமே இல்லாத ஒரு காடு மண்ணுக்கடியில் காத்திருந்தது.

முறை எளியது. அடிக்கட்டை ஒன்றில் பத்து, இருபது துளிர்கள் கிளம்பும். வாழைத் தூரில் பக்கக் கன்றுகளைக் கழித்துவிட்டு ஒன்றிரண்டை மட்டும் விடுவது போல, நேராகவும் தடிப்பாகவும் உள்ள சிலவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை அறுத்துவிட வேண்டும். விட்டவற்றின் கீழ்ப்பாதிக் கிளைகளைக் கவாத்து செய்தால் தண்டு மேலே ஓடும். அறுத்தவை அடுப்புக்கு விறகு; சருகு மண்ணுக்குப் போர்வை. பின்னர் ஆண்டுக்கொரு தண்டை வெட்டி எடுத்து, அதற்கு மாற்றாக வேறொரு துளிரை வளரவிடலாம். தேவையான கருவி அரிவாளும் கோடரியும்தான். இவ்வட்டாரத்தின் ஹவுசா உழவர்களுக்கு இதில் புதிதென்று சொல்ல அதிகமில்லை. மரங்களைத் தழையவிட்டு உழும் பழக்கம் அவர்களின் முன்னோரிடமும் இருந்ததே.

தடையாக நின்றது அறியாமை அல்ல, உரிமையின்மை. 1984 பஞ்சத்தின்போது, துளிர்களைக் காக்கும் உழவர்களுக்கு வேலைக்கு உணவு என்ற திட்டத்தில் தானியம் கொடுக்கப்பட்டது. பஞ்சம் தீர்ந்து தானியம் நின்றதும் பலர் மரங்களை மறுபடி வெட்டினர். ஆனாலும் ஒரு பருவம் மரங்களுக்கிடையே பயிர் செய்து பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் விடவில்லை. வனத்துறையினரும் அப்பகுதியில் பிடியைத் தளர்த்தினர். 1987இல் ராணுவ ஆட்சியாளர் செய்னி குன்ச்சே இறந்தபின் அரசின் கெடுபிடி மேலும் குறைந்தது. தன் வயல் மரம் தனக்கே என்று உழவர் நம்பத் தொடங்கியபின், இந்த வளர்ப்பு முறை எந்தத் திட்டத்தையும் எதிர்பாராமல் சந்தையிலும் உறவினர் வீட்டிலும் பேச்சுவழியாகவே பரவியது.

மராடிக்குக் கிழக்கே உள்ள அகியே வட்டாரத்தில் டான் சாகா என்ற கிராமம் இதில் தனித்துப் பேசப்படுவது. மரம் வளர்ந்ததும் விறகுத் திருட்டும் வளர்ந்தது. ஊரார் குழு அமைத்து, யார் எப்போது வெட்டலாம் என்று விதி வகுத்து, காவலும் போட்டனர். குழுவில் பெண்களுக்கும், ஊர் ஊராய் மாடு மேய்க்கும் ஃபுலானி இடையர்களுக்கும் இடமளித்தது முக்கியமான முடிவு. இடையரைத் தள்ளிவைத்த இடங்களில் கிளை ஒடிப்பும் சச்சரவும் ஓயாது. விறகு விற்க ஊருக்கே ஒரு சந்தையும் உண்டானது. முன்பு விறகு பொறுக்க நாளுக்கு இரண்டரை மணி நேரம் நடந்த பெண்களுக்கு அந்த வேலை அரை மணி நேரமாகச் சுருங்கியதாக ஆய்வாளர்கள் பதிந்துள்ளனர். பொந்தம்புளி எனப்படும் பாவோபாப் மரத்தின் இலை இங்கே அன்றாடக் குழம்புக்கானது. அதைக் காயவைத்து விற்பதும் பெண்களின் சொந்த வருமானம். இலந்தைப் பழமும் அப்படியே.

ஜிந்தர் பக்கம் போகப் போக ஒரே மரம் மிகுதியாகத் தெரிகிறது. ஹவுசாவில் அதன் பெயர் காவோ, வேலமரத்தின் உறவு. மற்ற மரங்களுக்கு நேர்மாறாக இது மழைக்காலத்தில் இலையுதிர்த்து, கோடையில் தழைக்கிறது. அதனால் பயிருக்கு வெயிலை மறைப்பதில்லை. புல் கருகிப்போன மாதங்களில் நிழலும் தீவனமும் தருகிறது. அதன் காய் ஆடுமாடுகளுக்கு உயர்ந்த உணவு. வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்க, நிழல் தேடி ஒதுங்கும் மாடுகளின் எருவும் அங்கேயே விழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜிந்தரை ஆண்ட சுல்தான் தனிமுன், காவோ மரத்தை வெட்டியவரின் தலையைக் கொய்ய ஆணையிட்டதாக மக்கள் வழக்கில் ஒரு செய்தி வழங்குகிறது.

இம்மாற்றத்தின் பரப்பு வெளியுலகுக்கு மெல்லத்தான் தெரிந்தது. டச்சு ஆய்வாளர் கிறிஸ் ரெய், அமெரிக்கப் புவியியல் அளவைத்துறையின் கிரே டாப்பன் ஆகியோர் பழைய வான்படங்களைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு, தெற்கு நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் மீண்டுள்ளதாகக் கணித்தனர். மரங்களின் எண்ணிக்கை 20 கோடியைத் தொடும். கூடுதல் விளைச்சல் ஆண்டுக்கு 5 லட்சம் டன் தானியம் என்பது அவர்களின் மதிப்பீடு. எனினும் நைஜரின் பசி தீர்ந்துவிடவில்லை. 2005இலும் நாடு கடும் உணவுப் பஞ்சத்தைக் கண்டது. மக்கள்தொகை உலகிலேயே மிக வேகமாகப் பெருகும் நாடுகளில் இதுவும் ஒன்று. பாகம் பிரியப் பிரிய வயல்கள் சிறுத்து வருகின்றன. விற்க விறகும் தழையும் இருந்த ஊர்கள் பஞ்ச ஆண்டுகளைச் சற்றே தாங்கின என்பதுவரை சொல்லலாம்.

சட்டம் மிகத் தாமதமாக மக்களைத் தொடர்ந்தது. 2004இல் வனச்சட்டம் திருத்தப்பட்டது. உழவர் பேணும் இயற்கை மறுவளர்ச்சி எனப்படும் இந்த முறைக்கென்றே தனி ஆணை வந்தது 2020இல்தான். அதற்குள் இம்முறை ஆப்பிரிக்காவின் மறுகோடிக்கே போய்விட்டிருந்தது. தெற்கு எத்தியோப்பியாவின் ஹும்போவில் 2006இல் தொடங்கிய பணி, தனியார் வயலில் அன்றி ஊர்ப்பொது மலைச்சரிவில் நடந்தது. சுமார் 2,700 ஹெக்டேர் மொட்டை மலையைப் பேணும் உரிமை ஏழு கூட்டுறவுச் சங்கங்களுக்கு எழுத்துப்பூர்வமாகக் கிடைத்தது. அடிக்கட்டைகள் அங்கும் உயிரோடிருந்தன. காடு உறிஞ்சிய கார்பனுக்கு உலக வங்கியின் நிதியம் கொடுத்த பணத்தைச் சங்கத்தினர் தானியக் கிடங்குகளுக்கும் மாவு அரைக்கும் ஆலைகளுக்கும் செலவிட்டனர்.